ஆக்குவோரும் பயனரும்: கொழும்பின் திறமூல மென்பொருள் வரலாறு

திறமூல மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். எவரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் எந்த மாற்றம் அடுத்த வெளியீட்டில் சேரும், எந்த வழு முதலில் திருத்தப்படும் என்று முடிவு செய்பவர்கள் ஒரு சிலரே. அவர்களைப் பராமரிப்பாளர் என்பர். அவர்களுக்கும் பயனருக்கும் இடையில் பொதுவாக விற்பனைச் சீட்டும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. உரிமப் பத்திரமோ எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஆகவே இரு தரப்பையும் சேர்த்து வைத்திருப்பது பேச்சு ஒன்றுதான். கேள்வி, முறைப்பாடு, வழு அறிக்கை, நிரல் திருத்தமான ஒட்டு, மறுப்பு, நன்றி எல்லாம் அதில் அடங்கும். கொழும்பில் அந்தப் பேச்சுக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு உண்டு. காலிமுகத்திடலிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தெற்கே நீளும் காலி வீதியை ஒட்டியே அதன் முக்கிய இடங்கள் பல அமைந்துள்ளன.

பேச்சின் முறை வெளிநாடுகளில் உருவானது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி யூஸ்நெட் செய்திக்குழுவில் அறிவித்தார். மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு அதில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று அந்த அறிவிப்பிலேயே கேட்டிருந்தார். அப்பாச்சி என்னும் வலை வழங்கி மென்பொருளின் பிறப்பு இன்னும் தெளிவான சான்று. அதற்கு முன்பிருந்த ஒரு வலை வழங்கியை எழுதியவர் 1994இல் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒட்டுகளைப் பரிமாறிக்கொள்ள மடற்குழு ஒன்றை 1995இல் அமைத்த எட்டுப் பேரே அப்பாச்சிக் குழு ஆனார்கள். கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பயனர்கள் இவ்வாறு பதில் சொல்லும் பராமரிப்பாளர்களாக மாறினர்.

அந்த ஆண்டுகளில் இலங்கையில் மின்னஞ்சலே புதுமை. பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் தொலைபேசித் தொடுப்பு வழியாக அஞ்சல்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்பி வந்தது. வணிக இணையச் சேவை 1995இல்தான் வந்தது. நகரவாசிக்கு மென்பொருள் என்பது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இறுவட்டாக வாங்கும் பொருள். அதுவும் பெரும்பாலும் கள்ளப் பிரதி. பிழைத்தால் கடைக்காரரிடம் கேட்பார்கள். எழுதியவரிடமே கேட்கலாம், அவரும் பதில் எழுதுவார் என்ற எண்ணம் மடற்குழுக்களில் உலவிய சில மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் மட்டுமே இருந்தது.

இந்நிலையை மாற்ற எடுக்கப்பட்ட முதற் பெரிய முயற்சி லங்கா மென்பொருள் மன்றம். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்து நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரன முதலானோர் 2003இல் இதைத் தொடங்கினர். இலாப நோக்கற்ற இந்த அமைப்பின் குறிக்கோள் தெளிவானது: இலங்கை நிரலாளர்கள் உலகத் திறமூலத் திட்டங்களைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல் அவற்றை எழுதுவோராகவும் ஆகவேண்டும். அடுத்த ஆண்டே, 2004 ஆகஸ்டில், அப்பாச்சி அக்சிஸ் திட்டத்தின் கூட்டம் கொழும்பில் நடந்தது. வலைச் சேவைகளுக்கான அந்த மென்பொருளைப் புதிதாக எழுதுவது என்று அங்கே முடிவாகி அக்சிஸ்2 பிறந்தது. அதன் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வெளியானது.

அப்பாச்சித் திட்டங்களில் சேர்ந்தவர்கள் நிரல் எழுதக் கற்றதைவிடப் பேசக் கற்றதே பெரிய பாடம். அங்கே முடிவுகள் மடற்குழுவில் எடுக்கப்படும். ஒப்புக்கொள்பவர் +1 என்றும், மறுப்பவர் -1 என்றும் எழுதுவார். நிரல் மாற்றத்தை மறுப்பவர் தொழில்நுட்பக் காரணத்தையும் சொல்லவேண்டும். காரணம் இல்லாத மறுப்புக்குப் பெறுமதி இல்லை. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தூங்கி எழுந்து வாக்களிக்க ஏதுவாக வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும். இந்த அவகாசத்தின் அருமை கொழும்புக்காரருக்கு நன்றாகத் தெரியும். 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி நேரம் முன்னே ஓடியது. குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் கொழும்புக்கும் 11 மணி நேர வித்தியாசம். அங்குள்ள பயனர் காலையில் கேள்வி அனுப்பும்போது இங்கே இரவு. ஓர் அவசரக் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே ஒரு முழு நாள் கழிவது சாதாரணம். அதனால் கேள்வியை முதல் தடவையே முழுமையாக எழுதவேண்டும்: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தபோது என்ன நடந்தது. ஒரு விவரம் விடுபட்டால் இன்னொரு நாள் போய்விடும்.

மடற்குழுவில் நடக்காதது நடக்கவே இல்லை என்பது அப்பாச்சியில் வழங்கும் கொள்கை. கொழும்பில் இது சோதனைக்கு உள்ளானது. வேறு நாடுகளில் ஒரு திட்டத்தின் பராமரிப்பாளர்கள் ஆளுக்கொரு நகரில் இருந்தார்கள். எழுதாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கொழும்பிலோ பலர் ஒரே அறையில் இருந்தார்கள். நாற்காலியைத் திருப்பிப் பேசித் தீர்த்துவிடக்கூடிய விடயத்தைத் தட்டச்சு செய்து உலகுக்கு அனுப்புவது வீண் வேலையாகவே தோன்றும். ஆனால் தேநீர் வேளையில் எடுத்த முடிவு சாவோ பாவ்லோவில் இருக்கும் பயனருக்குத் தெரியாது. அவர் பார்வையில் மென்பொருள் காரணமின்றி மாறிவிட்டது. இதோடு வேறொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. நமது பல்கலைக்கழகங்களில் ஐயம் வந்தால் மேல் வகுப்பு அண்ணாவிடமோ அக்காவிடமோ தனியாகக் கேட்பதே வழக்கம். நாலு பேர் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சம். திறமூல உலகம் நேர் எதிரான நடத்தையைக் கேட்டது. கேள்வி பொதுவில் இருந்தால்தான் பதிலும் பொதுவில் இருக்கும். அடுத்து அதே இடத்தில் தடுக்கி விழுபவருக்கு அது உதவும். 2005இல் தொடங்கிய கூகிளின் கோடைகால நிரலாக்கத் திட்டம் இந்தப் பழக்கத்தை மாணவரிடையே பரப்பியது. அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவைதான்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்கக் காலிமுகத்திடலை அடுத்த ஜனாதிபதி செயலகத்தில் தேசிய நடவடிக்கை மையம் திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான அமைப்புகள், ஆயிரக்கணக்கான முகாம்கள், இலட்சக்கணக்கான மக்கள். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஓரிடத்தில் பார்க்க வழியில்லை. லங்கா மென்பொருள் மன்றத்தினர், விர்டுசா நிறுவன ஊழியர்கள், மற்றும் பல தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒரு வலை மென்பொருளை எழுதத் தொடங்கினர். அதற்கு வைத்த பெயர் சஹானா. நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சமிந்திர டி சில்வா.

சஹானாவின் அமைப்பைப் பார்த்தாலே அது பயனரின் வாயிலிருந்து வந்தது என்று தெரியும். காணாமற்போனோர் பதிவேடு, அமைப்புகள் பதிவேடு, முகாம்கள் பதிவேடு, தேவைகளை வழங்கலோடு பொருத்தும் பகுதி ஆகியவையே அதன் தொடக்க உறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில். என் பிள்ளை எங்கே? இந்த ஊருக்கு யார் போகிறார்கள்? அந்தப் பாடசாலையில் எத்தனை குடும்பங்கள்? குடிநீர் கேட்டவருக்கு யாரிடம் குடிநீர் இருக்கிறது? எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் ஒரே நகரில், ஒருவரையொருவர் நேரில் கண்டு பேசக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம் போதாது என்று அதிகாரி சொன்னால் அது தாமதமின்றி நிரலாளரைப் போய்ச் சேர்ந்தது. எவரும் வழு அறிக்கை எழுதிக் காத்திருக்கவில்லை. திறமூல வரலாற்றில் இத்தனை குறுகிய இடைவெளியில் நடந்த உரையாடல் அரிது. சஹானாவின் உண்மையான பலம் அதன் நிரலில் இல்லை, இந்த அண்மையில்தான் இருந்தது.

அந்த அண்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. பேரலையில் மிகுதியாக அழிந்தவை அம்பாறை, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, திருகோணமலை போன்ற கிழக்கு, வடக்குக் கரைகள். அங்கு முகாம்களில் இருந்தோர் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். மென்பொருள் பற்றிய பேச்சோ கொழும்பில் ஆங்கிலத்தில் நடந்தது. காணாமற்போனவரைத் தேடும் பதிவேட்டில் இது வெறும் மொழிப் பெருமை பற்றிய பிரச்சினை அன்று. ஜெயந்தி, கிருஷ்ணபிள்ளை, அப்துல் காதர் போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரு முகாமில் ஒரு விதமாகவும் இன்னொரு முகாமில் வேறு விதமாகவும் எழுதினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்; தாயின் தேடல் பிள்ளையின் பதிவைத் தொடாது. இத்தகைய குறையை முதலில் காண்பவர் முகாமில் படிவம் நிரப்பும் தொண்டர். பராமரிப்பாளரோடு பேச வழி இல்லாதவரும் அவரேதான்.

அவசர நிலை தணிந்ததும் சஹானா 2005இல் சுவீடன் அரசின் அபிவிருத்தி உதவி முகவரகமான சீடாவின் நிதியுடன் புதிதாக எழுதப்பட்டது. எந்த நாடும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளாக்குவதே நோக்கம். 2005 ஒக்டோபர் 8இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அது அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்சின் தெற்கு லெய்ட்டே மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம், 2007இல் பெரு, 2008இல் சீனாவின் சீச்சுவான் என்று பயணம் தொடர்ந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள திட்டங்களுக்குத் தரும் விருதின் 2006ஆம் ஆண்டுக்குரிய பரிசு சஹானாவுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

நேரில் கண்டு பேசக்கூடிய தூரத்தில் இருந்த பயனர் இப்போது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தார். இங்கே ஒரு புதிய இடர் தோன்றியது. வேறு மென்பொருளின் பயனர் பல ஆண்டுகள் அதனோடு இருப்பார். பழகுவார், குறை சொல்வார், சிலபோது தாமே திருத்துவார். அனர்த்தக் காலத்துப் பயனர் அப்படியல்லர். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்த மறுநாள் முளைப்பார். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். வழு இருந்தால் எழுத நேரமில்லை. ஒரு மாதத்தில் தம் பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார். அவர் கண்ட குறைகள் அவரோடு போய்விடும். ஆகவே பராமரிப்பாளரே களத்துக்குப் போய்க் கேட்கவேண்டியதாயிற்று. இடைக்காலங்களில் நிவாரணப் பணியில் தேர்ந்தவர்களைக் கொண்டு பயிற்சிகளும் ஒத்திகைகளும் நடத்திப் பயனரின் குரலை முன்கூட்டியே பெறவேண்டியதாயிற்று. இலங்கையில் சர்வோதயம் போன்ற அமைப்புகளோடு நடந்த வேலைகள் அவ்வகையானவை.

2009இல் சஹானா மென்பொருள் அறக்கட்டளை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவானது. 2010 ஜனவரி 12இல் ஹெயிட்டி நிலநடுக்கம். அப்போது தொண்டர்கள் அரட்டை அறைகளில் இரவு பகலாக இருந்து அமைப்புகளையும் மருத்துவமனைகளின் இருப்பிடங்களையும் பதிந்தார்கள். பைத்தன் மொழியில் எழுதப்பட்ட சஹானா ஈடன் அங்கேதான் முதலில் களமிறங்கியது. பழைய பிஎச்பி வடிவம் அகஸ்தி என்ற பெயரில் தனியே தொடர்ந்தது. பராமரிப்பாளர்களுக்கு இது நியாயமான தொழில்நுட்பத் தெரிவாக இருக்கலாம். சஹானா வேண்டும் என்று வரும் புதிய பயனருக்கோ எந்தச் சஹானா என்ற கேள்வி முதலில் நின்றது. திட்டம் கிளைக்கும்போது முதலில் விளக்கம் தேவைப்படுவது பயனருக்கே; பல திட்டங்களில் அது கடைசியில்தான் கிடைக்கிறது.

சஹானா உருவான அதே காலத்தில் கொழும்பில் வேறொரு வகைப் பேச்சும் தொடங்கியது. 2005 ஆகஸ்டில் சஞ்சீவ வீரவரன, போல் ஃப்ரீமாண்டில், தவணம் ஸ்ரீனிவாஸ் ஆகியோர் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை ஆரம்பித்தனர். பின்னாளில் அதன் கொழும்புத் தலைமையகம் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து பிரியும் பாம் குரோவ் ஒழுங்கையில் அமைந்தது. அதன் மென்பொருள்கள் அப்பாச்சி உரிமத்தில் இலவசம். வருமானம் ஆதரவுச் சேவையிலிருந்து. அதாவது நிறுவனம் விற்றது பதிலை. இந்த வணிக முறையில் பயனர் இரண்டு வகையாகப் பிரிகிறார். ஒப்பந்தம் உள்ளவரின் கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வரும். அது அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நிற்கும். மற்றவர் பொதுவில் கேட்டுக் காத்திருக்கவேண்டும். 2010களில் டபிள்யூஎஸ்ஓ2 பற்றிய கேள்விகள் பெருமளவில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் கேள்வி-பதில் தளத்தில் கேட்கப்பட்டன; பதில் எழுதியவர்களில் கணிசமானோர் கொழும்பில் அந்த மென்பொருளை எழுதியவர்களே.

அப்பாச்சியில் கற்ற பாடத்தை நிறுவனம் உள்ளே கொண்டுவந்தது குறிப்பிடத்தக்கது. மென்பொருளின் கட்டமைப்புப் பற்றிய விவாதங்களுக்கென்றே வெளியார் எவரும் படிக்கக்கூடிய மடற்குழு ஒன்றை அது வைத்திருந்தது. ஒரே கட்டடத்தில் வேலை செய்த நூற்றுக்கணக்கானோர் அதில் எழுதினார்கள். பேசி முடித்த கூட்டத்தின் சுருக்கத்தையாவது பதிவார்கள். வெளியிலுள்ள பயனருக்கு ஒரு முடிவின் காரணத்தை அறியும் உரிமையை இது தந்தது. வேறு எந்த ஏற்பாட்டையும்விட இதுவே அந்த நிறுவனம் திறமூல உலகுக்குக் காட்டிய நல்ல முன்மாதிரி. 2024இல் சுவீடனின் ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் டபிள்யூஎஸ்ஓ2வை 600 மில்லியன் டொலருக்கும் மேலான மதிப்பில் வாங்க உடன்பட்டது.

பயனர் தம் தேவையைத் தாமே எழுதி, பின்பு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கும் வழியும் கொழும்பில் காணப்பட்டது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிக்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளை இலங்கை சுகாதார அமைச்சு ஏற்கெனவே பயன்படுத்தி வந்தது. 2020 ஜனவரி 27இல் நாட்டின் முதல் கொவிட் நோயாளி அடையாளம் காணப்பட்ட நாட்களில், அந்த மென்பொருளோடு இலங்கையில் பணிபுரியும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழு விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியை அதில் அமைத்தது. ஒஸ்லோவில் இருந்த நிரலாளர்கள் அதைப் பொதுத் தொகுப்பாக்கி வெளியிட்டனர். டசின் கணக்கான நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. பல ஆண்டுகளாகக் கேட்டும் சொல்லியும் பழகியிருந்ததனால்தான் நெருக்கடி வேளையில் சில நாட்களில் இது கைகூடியது.

பேச்சு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உலக உதாரணம் ஒன்று இங்கே போதும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2022இல் அதன் மடற்குழுவில் சிலர் புகுந்து, வேலை மந்தம், வேறு ஆளிடம் கொடு என்று அவரை விடாமல் நெருக்கினர். சோர்ந்திருந்த அவர் உதவிக்கு வந்த ஒருவருக்கு இடம் கொடுத்தார். 2024 மார்ச் 29இல், அந்த உதவியாளர் மென்பொருளுக்குள் இரகசியக் கதவு வைத்திருப்பதை அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். நெருக்கிய பயனர்களும் பொய்ப் பெயர்களே என்பது பரவலான கருத்து. பராமரிப்பாளர் மீது பொறுமையற்ற சொற்களைக் கொட்டுவது வழக்கமாகிவிட்ட சூழலில்தான் அந்தப் பொய்க் குரல்கள் எவருக்கும் ஐயம் தராமல் கலந்துபோயின.

மீண்டும் இலங்கைக்கு வந்தால், சஹானாவின் பேச்சில் இடம்பெறாத தமிழ்ப் பயனருக்கு உரிய இடம் தமிழாக்கப் பணியில் கிடைத்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதன் மென்பொருளான மீடியாவிக்கியின் இடைமுகத்தைத் தமிழாக்கியவர்களுள் முதன்மையானவர் ஈழத்தவரான இ. மயூரநாதன். 2005 ஜனவரியில் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிக் காக்க அதே மீடியாவிக்கியைத் தேர்ந்தது. பின்பு நூலக நிறுவனமாக வளர்ந்து வெள்ளவத்தையில் அலுவலகம் கொண்டு இயங்கியது. நிரல் எழுதாத, ஆனால் மென்பொருளை ஒவ்வொரு நாளும் ஆழமாகப் பயன்படுத்தும் தமிழர்களின் பட்டறை அது. திறமூலத்தில் இத்தகைய பயனர் அளிக்கும் அறிவுக்கு எந்த நிரலாளரின் உழைப்பும் ஈடாகாது.

தமிழாக்குபவர் பராமரிப்பாளரிடம் கேட்கவேண்டியவை சிறியவை, ஆனால் தவிர்க்க முடியாதவை. ஆங்கிலத்தில் ஓபன் என்ற ஒரே சொல் திரையில் வந்தால் அது திற என்னும் ஏவலா, திறந்திருக்கிறது என்னும் நிலையா? வாக்கியத்தின் நடுவே பயனர் பெயரைச் செருகும் இடத்தில் தமிழுக்கு வேற்றுமை உருபு வேண்டும். மயூரன் என்பதோடு ஆல் சேர்ந்தால் மயூரனால், மாலா என்பதோடு சேர்ந்தால் மாலாவால். பெயரையும் உருபையும் தனித்தனியே ஒட்டும் நிரல் இரண்டில் ஒன்றையாவது கெடுக்கும். ஒருமை பன்மையும் இப்படித்தான். ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலாளருக்கு இவை தாமாகத் தோன்றா, கேட்கப்பட்டால்தான் தெரியும். தொடக்க காலத்தில் தமிழாக்குவோர் ஊகித்து எழுதினார்கள். பல மென்பொருள்களின் தமிழ் இடைமுகம் விறைப்பாக இருப்பதற்கு மொழிபெயர்ப்பாளரின் திறமைக் குறைவைவிட, கேட்க ஆள் இல்லாமையே பெரிய காரணம்.

மீடியாவிக்கியின் தமிழாக்கம் இப்போது டிரான்ஸ்லேட்விக்கி என்னும் பொதுத் தளத்தில் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு தொடருக்கும் அது திரையில் எங்கே வருகிறது, எந்தப் பொருளில் வருகிறது என்ற விளக்கத்தை நிரலாளரே எழுதிவைக்கும் முறை உண்டு. எந்த மொழிக்கும் உரியதல்லாத கியூகியூகியூ என்ற குறியீட்டின் கீழ் அந்த விளக்கங்கள் சேமிக்கப்படுகின்றன. விளக்கம் போதாவிட்டால் தொடரின் அருகிலேயே கேள்வி கேட்க ஒரு பொத்தான் இருக்கிறது. பதில் வந்ததும் விளக்கம் திருத்தப்பட்டு, அதே தொடரை மொழிபெயர்க்கும் சிங்களவருக்கும் மலையாளிக்கும் பயன்படுகிறது. கேள்வியை மட்டும் இன்றும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருக்கிறது.